பரவாயில்லைக்காரர்

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடி விற்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி மாட்டுகிறவர். ஆளுயரக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டத்தில் பொருத்துவதுதான் அவர் பிழைப்பு. அதற்கு இரண்டு தோளும் வேண்டும். அவருக்கு இப்போது ஒன்றுதான் உருப்படியாக இருக்கிறது. இன்னொன்றை ஒழித்துக்கட்டிய புண்ணியவான் அவருடைய மச்சினன்.

மச்சினன் கார் வாங்கிய புதிது. "வாங்க மாமா, ஒரு ரவுண்டு போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போனான். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை போனில், கண் இரண்டும் போனில். முன்னால் அத்தனை பெரிய லாரி நின்றது, அது இந்தப் பெரிய துரையின் கண்ணில் படவில்லை. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு என்றைக்கு என்ன ஆகியிருக்கிறது? கண்ணாடிக்காரருக்குத்தான் கழுத்தும் வலது தோளும் போயின. கூட்டம் கூடியதும் மச்சினன், "நாய் குறுக்க வந்துடுச்சு" என்றான். சொல்லச் சொல்ல அந்த நாய் வளர்ந்தது. உறவுக்காரர்கள் பார்க்க வந்தபோது கன்றுக்குட்டி அளவுக்கு ஆகியிருந்தது.

கண்ணாடிக்காரர் பக்கத்து சீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மனைவிக்கு அவன் ஒரே தம்பி, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். உண்மை தெரிந்தால் அவள் உடைந்துபோவாளாம். பெரிய தியாகி இவர்!

பார்க்க வந்தவர்களோ ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "வலியை நினைக்காம இருந்தா வலிக்காது" என்று உபதேசம் செய்தார். போன வருஷம் அவருக்குப் பல்வலி வந்தபோது தெருவே தூங்கவில்லை.

மனைவி சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள், பகலில் நகர முடியாது. அதனால் தோள் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற பொறுப்பு மச்சினனுக்கு. அதுவும் அதே காரில். டாக்டர் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தாமலே, "எப்படி இருக்கு?" என்பார். பின்னால் மச்சினன் நின்றுகொண்டிருப்பான். வலிக்கிறது என்றால் அவன் முகம் சுருங்குமே! "பரவாயில்லை டாக்டர்" என்பார் இவர்.

இந்தச் சொல் இருக்கிறதே, இதைப் போல மோசமான சொல் உலகத்தில் கிடையாது. குணமானவனும் பரவாயில்லை என்பான், குற்றுயிராகக் கிடக்கிறவனும் பரவாயில்லை என்பான். கேட்கிறவன் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டாக்டர் எடுத்துக்கொண்டார்.

"நல்லாத் தேறிட்டீங்க. இனிமே தோள் பயிற்சிக்கு வர வேண்டாம். வெளிய பாருங்க, எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

இவர் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தார்!

அடுத்த வாரம் வேலைக்குப் போனார். குளியலறை ஜன்னல் கண்ணாடி, சின்னது. நெஞ்சு வரை தூக்கினார். அதற்கு மேல் கை போகமாட்டேன் என்றது. கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியது. முதலாளி திட்டவில்லை. "அண்ணே, கொஞ்ச நாள் கடையிலயே இருந்து கண்ணாடி துடைங்க" என்றார். ஊரில் பாதிக் கடைகளுக்கு முகப்பு மாட்டிய மனுஷன் கையில் துணியைக் கொடுத்துவிட்டார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. தோள் சரியாகாவிட்டால் ஆயுசுக்கும் இந்தத் துணிதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

திரும்ப டாக்டரிடம் ஓடினார்.

"போன தடவை பரவாயில்லைன்னு சொன்னீங்களே?" என்றார் டாக்டர்.

மச்சினன் முந்திக்கொண்டான். "மாமாவுக்கு நல்லாத்தான் இருக்கு டாக்டர். கடையில கை வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்."

"வாயை மூடுடா!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். அறைக்கு வெளியே இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "வலி உனக்கா எனக்கா? சட்டை போட முடியலை, தலை சீவ முடியலை, திரும்பிப் படுத்தா உயிர் போகுது டாக்டர்!"

டாக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினார். "ஐயோ அம்மா!" என்று அலறிவிட்டார் இவர்.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? தோள் இறுகிப்போச்சு. பயிற்சியைத் திரும்ப ஆரம்பிக்கலாம். ஆனா கை பழையபடி தலைக்கு மேல போகும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

மச்சினன் கார் சாவியை எடுத்தான். "நீ போ" என்று சொல்லிவிட்டு இவர் பஸ் பிடித்தார்.

மனைவி சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் சொன்னது, போன், லாரி, எல்லாம். அவள் அழுவாள், எப்படித் தேற்றுவது என்று பயந்துகொண்டே சொன்னார்.

"போன் விஷயம் எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"என்னது?"

"சோறு திங்கும்போதே போனைக் கீழ வைக்காதவன், வண்டியிலயா வைப்பான்? அன்னைக்கே ஓரமாக் கூட்டிட்டுப் போய் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். காலைப் பிடிச்சு அழுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க ரோட்டைக் கவனிக்கலை, அவன் சொன்ன நாய்க் கதையை நம்பறீங்கன்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேர் உறவை நான் ஏன் கெடுக்கணும்?" மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, கோபமும் அழுகையுமாக அவரைப் பார்த்தாள். "எனக்காகவா டாக்டர்கிட்ட வலியை மறைச்சீங்க? நல்லாப் பண்ணினீங்க போங்க. உங்க கை போனதுதான் மிச்சம்."