ரெண்டுதான், துவான்

அந்தப் பிராணிக்கு எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு பெயர். துரையம்மா ‘கினி பிக்’ என்றார். லயத்துப் பிள்ளைகள் வாலில்லாப் பெருச்சாளி என்றார்கள். நான் சனியன் என்றேன். என் புருஷன் மட்டும் ‘புள்ளைங்க’ என்பார். வேலை விட்டு வந்து சைக்கிளைச் சாத்தும்போதே, “புள்ளைங்க தின்னுச்சா?” என்று கேட்பார். நான் தின்றேனா என்று கேட்டதாக ஞாபகமில்லை.

அவர் பெரிய பங்களாவில் தோட்டக்காரர். புல் வெட்டுவது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அதோடு துரையின் மகன் வளர்த்த இந்த ஜோடியைப் பார்த்துக்கொள்வது. நான் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போவேன். மலாயாவில் அவசரகாலம் வந்து, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் துரைமார்களைச் சுடுகிறார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கம் எட்டியதும் துரையம்மா மகனைக் கூட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பலேறிவிட்டார். போகிறபோது கூண்டை என் புருஷன் கையில் கொடுத்து, “ரெண்டும் ஆண்தான், பெருகாது, பயப்படாதே” என்று சொன்னாராம். அந்தப் பையன் அழுத அழுகையை இவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறை, ஓர் அடுப்படி. அதில் கூண்டுக்கு அடுப்படி மூலையைக் கொடுத்தேன். பாம்பு நுழையாமல் இருக்க இவர் கம்பி வலை அடித்தார். அடியில் மரத்தூள் பரப்பி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினார். பனி காயாத புல்லைப் போட்டால் வயிறு ஊதிவிடுமாம், அதனால் புல்லைச் சாக்கில் விரித்து உலர்த்திய பிறகுதான் உள்ளே வைப்பார். தினம் பச்சை இலை வேண்டும், இல்லாவிட்டால் ஈறு வீங்கிச் செத்துப்போகும் என்று துரையம்மா சொல்லியிருந்தார். லயத்தைச் சுற்றி அடித்திருந்த முள்கம்பி வேலிக்குள் இருந்த புல்லையெல்லாம் ஆட்களே மிதித்துத் தீர்த்துவிட்டதால் பங்களாப் புல்லை மூட்டை கட்டிக் கொண்டுவருவார். கேட்டில் காவலர்கள் அந்த மூட்டையை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து அனுப்புவார்கள். ஒருநாள் என் சீப்பால் அவர் அதுகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தம் அடுத்த லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.

கோபம் சீப்புக்காக மட்டும் இல்லை. எனக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவரும் எடுப்பதில்லை. எடுக்காத மனுஷன் வாய்க்கு வாய் ‘புள்ளைங்க, புள்ளைங்க’ என்று கூண்டைப் பார்த்துக் கொஞ்சினால் எனக்கு எப்படி இருக்கும்? அது எங்கே போய்க் குத்தும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்து செய்கிற ஆளும் இல்லை அவர்.

அப்புறம் மறுபடியும் முழுகாமல் ஆனேன். அவரிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் தாண்டட்டும், அதுவரைக்கும் என்னோடு இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். முன்னே இரண்டு முறையும் முதல் வாரமே சொல்லி, அவர் கூரை மரத்தில் தூளி கட்டும் கொக்கி வரைக்கும் அடித்து வைத்து, பிறகு அதை அவரே பிடுங்கியதைப் பார்த்தவள் நான். அந்த முகத்தை மூன்றாம் முறை பார்க்க என்னால் ஆகாது.

ஆனால் வாயை மூடலாம், மூக்கை மூட முடியவில்லை. கூண்டின் நெடி வயிற்றைப் புரட்டியது. காலையில் அடுப்புப் பக்கம் போனாலே குமட்டல்.

“ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றேன் ஒருநாள்.

“ஏ புள்ள, இத்தனை நாளு நாறலயா? இப்பத்தான் நாறுதா?”

“இப்பத்தான் நாறுது. கொண்டுபோயி ஒங்க அக்கா வீட்ல விட்டுட்டு வாங்க.”

என் நாத்தனார் கோலசிலாங்கூர்ப் பட்டணத்தில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் இடம் உண்டு, வேலி கிடையாது, புல்லுக்குப் பஞ்சமில்லை. இவர் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தார். பிறகு லீவு நாளில் ஒரு பலகைப் பெட்டியில் துளை போட்டு, புல்லைப் பரப்பி, இரண்டையும் உள்ளே விட்டு, சைக்கிளின் பின்னால் கட்டினார். பெரியதைத் தூக்கும்போது, “தின்னுத் தின்னு என்னா கனம் கனக்குறான் பாரு” என்றார் பெருமையாக. வழிக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய் வைக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

காரணம் இருந்தது. அந்த நாட்களில் முள்கம்பி வேலிக்கு வெளியே தின்கிற பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரும் என்று எங்கள் தூக்குச்சட்டியைக்கூட வெளியே விடமாட்டார்கள். வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு வந்துதான் சாப்பிட வேண்டும். கீழ் லயத்தில் ஒருவரை, பையில் கொஞ்சம் பழைய சோறு இருந்தது என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. அவர் திரும்பவும் இல்லை. அவர் சம்சாரம் தண்ணீர்க் குழாயடியில் யாரோடும் பேசாமல் குடத்தை நிரப்பிக்கொண்டு போகும்.

அன்றைக்கு அதே குழாயடியில் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

“அக்கா, மாமாவ கேட்டுல நிறுத்தி வெச்சிட்டாங்க. இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணியிருக்காங்களாம். பன்னி கடத்துறாராம்லா!”

சோப்புக் கையோடு ஓடினேன். ஓடக்கூடாது என்று பாதி வழியில் உறைத்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

நடந்தது இதுதான். கேட்டில் நின்ற வயதான மலாய்க் காவலர் பெட்டியில் என்ன என்று மலாயில் கேட்டிருக்கிறார். என் புருஷனுக்குத் துரையம்மா சொல்லிக்கொடுத்த ‘கினி பிக்’ மேல் ஒரு பெருமை. ஆனால் அதைக் காவலருக்குப் புரியும்படி மலாயில் சொல்ல வேண்டுமே. பிக் என்றால் பன்றி என்று இவருக்குத் தெரியும். “பாபி கெச்சில், துவான்” என்றிருக்கிறார். சின்னப் பன்றி, ஐயா. எத்தனை என்று கேட்டதற்கு, “ரெண்டுதான், துவான்.”

காவலர் நல்ல மனுஷன். ஆனால் தொழுகை தவறாதவர். பன்றி என்றதும் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். பெட்டியைத் தொடவும் மாட்டார், சோதனை போடாமல் விடவும் முடியாது. உள்ளேயிருந்து வேறு அதுகள் ‘கீச் கீச்’ என்று கத்தின. உயிரோடு பன்றிக்குட்டி வேலியைத் தாண்டிப் போகிறது என்றால் யார் தின்பதற்கு என்று மேலே கேட்பார்களே. அதனால் போன் போட்டுவிட்டார்.

நான் போனபோது இவர் வெயிலில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி. தன் சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போட்டிருந்தார், அதுகளுக்கு வெயில் படக்கூடாதாம். என்னைப் பார்த்ததும், “ஒண்ணும் இல்ல புள்ள, நீ போ” என்றார். உதடு உலர்ந்து கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை எட்டி உதைத்திருப்பேன். காவலர் கிட்டே விடவில்லை.

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இளம் வயது, வெளியூர், சிரிக்காத முகம். அவருக்குப் பின்னால் ஒரு லோரியும் வந்து நின்றது. கீழ் லயத்துக்காரரை ஏற்றிக்கொண்டு போனதும் இந்த மாதிரி லோரிதான். இவரையும் ஏற்றிவிட்டால் என் வயிற்றில் இருப்பது இவருக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். அப்போதே கத்திச் சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரைக்கும் வந்தது.

பெட்டியைத் திற என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். யாரும் அசையவில்லை. நான் போய்ச் சட்டையை எடுத்து வீசிவிட்டுப் பலகையைத் தூக்கினேன்.

வயதான காவலர் எட்டிப் பார்த்தார். “அல்லா! திக்குஸ் பெலாண்டா!” என்றார். மலாயில் அதற்கு ஒல்லாந்து எலி என்று அர்த்தமாம். பன்றியே இல்லை, எலி! அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் மூச்சு வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு வரவில்லை. குனிந்து எண்ணினார். “ரெண்டு என்றாய். இங்கே நாலு இருக்கிறதே?”

நானும் பார்த்தேன். நாலு இருந்தன. பெரியது இரண்டு, பக்கத்தில் சின்னது இரண்டு. சின்னது என்றால் சிவப்பாய்க் கண் மூடிக் கிடக்கிற எலிக்குஞ்சு இல்லை. உடம்பு நிறைய மயிர், முழித்த கண், காலூன்றி நிற்கிறது. ஒன்று புல்லை வேறு முகர்ந்துகொண்டிருந்தது.

“ரெண்டுதான், துவான். ரெண்டும் ஆண்” என்றார் என் புருஷன். அவர் சத்தியமாகத்தான் சொன்னார். அதுதான் வினை.

பன்றி என்றான், எலியாக இருக்கிறது. இரண்டு என்றான், நாலு இருக்கிறது. எதைக் கேட்டாலும் பொய் சொல்கிறவன் வேறு எதையெல்லாம் மறைக்கிறானோ என்று இன்ஸ்பெக்டர் லோரிப் பக்கம் கையைக் காட்டினார். இப்போதுதான் பிறந்திருக்கும் என்று நான் எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்குமா, நான் என்ன மடையனா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு காவலர் இவர் கையைப் பிடித்துவிட்டார். அந்த நேரத்தில்தான், கனக்கிறான் என்று இவர் பெருமைப்பட்ட அந்தப் பெரியது ஒரு மாதிரி முதுகை வளைத்தது. வாயைத் தன் வயிற்றுக்கடியில் கொண்டுபோனது. “துவான், பாருங்க!” என்று அலறினேன். தமிழில்தான் அலறினேன், அவர் பார்த்தார்.

ஈரமாக ஒரு பொட்டலம் புல்லில் விழுந்தது. தாய் அதைச் சுற்றியிருந்த தோலைக் கடித்துக் கிழித்து, மூக்கை நக்கியது, முகத்தை நக்கியது. லோரிக்காரர்கூட இறங்கி வந்து நின்றார். எனக்கு இருந்த பயத்தைச் சொல்லி முடியாது. அசையாதோ, இதுவும் தங்காதோ என்று என் கை என் வயிற்றின் மேலேயே இருந்தது. பிறகு அது தும்மியது. தலையை உதறியது. கண்ணைத் திறந்து நேரே இன்ஸ்பெக்டரைப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் எந்தச் சாமி முகத்திலும் பார்த்ததில்லை. “ஐந்து” என்றார். வயதான காவலரிடம் ஏதோ சொன்னார். இவர் கையை விட்டார்கள்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். லோரி வெறுமனே திரும்பிப் போனது.

நாத்தனார் வீட்டுக்கு யாரும் போகவில்லை. பெட்டியை இவர் தலையில் வைத்துக்கொண்டு நடக்க, நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கூண்டு பழைய மூலைக்கே வந்தது. நெடி அப்படியேதான் இருந்தது. வாந்தி எடுத்துவிட்டு வந்து சோறு போட்டேன், நானே என் சீப்பை எடுத்துக் கூண்டுப் பக்கம் வைத்தேன்.

சாப்பிடும்போது இவர், “எண்ணிக்கையில கோட்ட விட்டுட்டேனே புள்ள. ரெண்டுன்னுதானே நெனச்சேன்” என்றார்.

“ஒங்களுக்கு எண்ணவே தெரியாதுங்க” என்றேன். “இந்த வீட்டுல நாம எத்தனை பேரு, சொல்லுங்க.”

“இது என்னா கேள்வி? ரெண்டுதான்.”

நான் அவரையே பார்த்தேன். அவர் கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் வாந்தி எடுத்த வாசலைப் பார்த்தார். தட்டில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவளைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முகம் வாடிவிட்டது.

“என்னா புள்ள, இது கண்ணயே தொறக்க மாட்டேங்குது? அதுங்க பொறந்த ஒடனே முழிச்சிச்சே.”

“தொறக்கும், தொறக்கும்” என்றேன். “மெதுவாத் தொறக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல.”