ப்ளைவுட் புல்லி

கப்ரோவோவில் எங்கள் தெருவில் எதையும் அளந்து பார்க்காமல் செய்யாத ஒரே ஆள் வெல்கோ. ரொட்டிக்கு வைக்கும் பாலாடைக்கட்டியைக்கூட ஒரே கனத்தில் வெட்டுவான். நெசவாலையில் முப்பத்தொரு வருஷம் தறிகளைப் பழுது பார்த்தவன். ஆலையை மூடியபோது நாங்களெல்லாம் குடிக்க உட்கார்ந்தோம். அவன் கராஜில் இரும்பு கடைய ஒரு சின்ன லேத் வாங்கிப் போட்டான். பக்கத்து கராஜ் என்னுடையது. அவனைச் சீண்டுவதுதான் எனக்கு முழுநேர வேலை.

போன ஆகஸ்டில் அவன் மனைவி டோன்கா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்தாள். வீடு மாடியில். தோட்டத்துக்கு இறங்க வெளியே பதினோரு கல்படிகள். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"யோவ், படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுக் குடு. மிளகா பழுக்கறப்ப நானே இறங்கிப் போய்ப் பறிக்கணும்."

"கடைல ரெடியா விக்குது" என்றேன்.

"கடைச் சாமானா? என் வீட்டுப் படிக்கா?" என்றான் வெல்கோ.

கம்பி தயாராக இருந்தது. அதைக் கல்லோடு பிடித்து நிறுத்த நான்கு வட்டமான இரும்புத் தட்டுகள் வேண்டும். அங்கேதான் லேத் மக்கர் செய்தது. அகலமான இரும்பை மெதுவாகச் சுற்றவிட்டுத்தான் கடைய வேண்டும். அந்தச் சின்ன மோட்டாரிலோ வேகத்தைக் குறைத்தால் வலுவும் சேர்ந்து போய்விடும். உளி இரும்பைத் தொட்டதுமே நின்றுவிடும், கருகல் வாசனை வரும்.

வெல்கோ ஒரு வழி கண்டுபிடித்தான். மோட்டாரை அதன் முழு வேகத்தில் ஓடவிட்டு, நடுவில் இன்னொரு தண்டைப் போட்டு, சின்னப் புல்லிச் சக்கரத்திலிருந்து பெரிய புல்லிக்கு பெல்ட் மாட்டினான். வேகம் குறைந்தது, வலு கூடியது. பெரிய புல்லியைச் சோதனைக்காக ப்ளைவுட்டில் வெட்டி ஒட்டியிருந்தான். நான் போனபோது முதல் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. திணறலே இல்லை, இரும்பு கனமான சுருளாக உரிந்து விழுந்தது. அவன் முகம் பூரித்துப்போயிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னடா இது, லேத்தா, பொம்மை ரயிலா? தறி மெக்கானிக் மரச்சக்கரம் மாட்டியிருக்கான்னு சொன்னா ஊரே சிரிக்கும்டா!"

அவன் முகம் சுருங்கியது. எனக்கு அது ருசித்தது.

"சும்மா டெஸ்டுக்குத்தான்டா" என்றான்.

மறுநாள் பாதி கடைந்த தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அலுமினியத்தில் சரியான புல்லி செய்ய உட்கார்ந்தான். முதல் புல்லி ஒரு மயிரிழை கோணல் என்று தூக்கிப் போட்டான். இரண்டாவதில் பெல்ட் சரியாக உட்காரவில்லை. செப்டம்பர் போயே போய்விட்டது. மிளகாய் பழுத்துத் தொங்கியது.

டோன்கா சாயங்காலமானால் மாடி ஜன்னலில் நின்று கத்துவாள்.

"உன் மெஷினுக்கு பலம் வர்றதுக்குள்ள என் காலுக்கு வந்துரும் போலிருக்கே!"

"இன்னும் ரெண்டே நாளுடி!"

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "நெட்கோ, நீ சொன்னா கேப்பான். அந்த மரச்சக்கரத்துலயே என் தட்டை முடிக்கச் சொல்லேன். அலங்காரமெல்லாம் அப்புறம் பண்ணிக்கட்டும்."

"அவன் பெரிய கலைஞன், அவசரப்படுத்தாத டோன்கா" என்று சிரித்தேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அக்டோபரில் மழை விட்ட ஒரு காலை. மூன்றாவது புல்லியை லேத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தச் சத்தத்தில் எங்கள் இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி அலறிக்கொண்டு ஓடி வந்தபோதுதான் தெரிந்தது. படிக்கடியில் பேசின் கவிழ்ந்து கிடந்தது. ஈரக் கல்லில் ஏழெட்டுச் சிவப்பு மிளகாய்கள். டோன்கா பறித்துவிட்டு மேலே ஏறும்போது விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

அவள் படம் போட்ட இரங்கல் தாளை வெல்கோ தன் கையாலேயே வாசல் கதவில் ஒட்டினான். அடக்கம் முடிந்த மறுநாள் கராஜுக்குப் போனான். லேத்தை உடைக்கப் போகிறான் என்று பயந்து பின்னாலேயே போனேன். அவன் அலுமினியப் புல்லியைக் கழற்றினான். ப்ளைவுட் புல்லியை மாட்டினான். நான்கு தட்டுகளும் மத்தியானத்துக்குள் முடிந்தன. ஒருமுறைகூட மோட்டார் திணறவில்லை.

"அரை நாள் வேலை நெட்கோ" என்றான். "அரை நாள்."

என்னை ஒரு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் துடைப்பத்தை எடுத்து இரும்புச் சுருள்களைக் கூட்ட ஆரம்பித்தான்.

நாற்பதாம் நாள் சொந்தபந்தமெல்லாம் வந்தார்கள். அவித்த கோதுமையில் சர்க்கரை போட்டுக் கொடுத்தான். ஒயினில் அவளுக்கென்று ஒரு சொட்டைத் தரையில் விட்டுவிட்டுக் குடித்தோம். கிழடுகட்டைகள்கூட வெல்கோ படியில் நட்டு முடித்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரமமில்லாமல் ஏறி வந்தார்கள்.

"நல்லா நிக்குதுப்பா, கொஞ்சம்கூட ஆடல" என்றாள் டோன்காவின் அக்கா. வெறுமனே பாராட்டத்தான் சொன்னாள்.

 விருந்தாளிகளை வழியனுப்ப, வெல்கோ சுவரைத் தடவிக்கொண்டே கீழே இறங்கினான். நானும் அவன் பின்னால் சுவரோரமாகவே இறங்கினேன். அன்று அந்தக் கம்பியைத் தொடாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.