பிளீச்சிங் பவுடர் போட்ட காப்பி

சேலத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வருடா வருடம் முதல் வகுப்பில் ஒரே பேச்சுதான். பாக்டீரியா, பூஞ்சை, பாசி, புரோட்டோசோவா, உயிருள்ளதா இல்லாததா என்று உறுதியாகச் சொல்ல முடியாத வைரஸ் என்று பலகையில் எழுதிவிட்டு, "இதுல முக்கால்வாசி நமக்கு ஒரு கெடுதலும் செய்யறதில்ல. இட்லி மாவு யாரால பொங்குது?" என்று கேட்பேன். கிருமி என்றாலே நோய்தான் என்று தேர்வில் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் தரமாட்டேன்.

மலைமேல் நாகலூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. கணவர்தான் பார்த்துக்கொள்வார். போன முறை பழம் பறிக்கிற சமயத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைதானே, நான் போகிறேன் என்று மலையேறினேன்.

பழத்தின் தோலை மெஷின் உரித்த பிறகும் கொட்டையைச் சுற்றி வழவழவென்று ஒரு சதை ஒட்டியிருக்கும். சிமெண்டுத் தொட்டியில் போட்டுவைத்தால் ஒன்றரை நாளில் அது தானாகக் கரைந்துவிடும். பிறகு கழுவிக் காயப்போடலாம். அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். சுவரில் பழுப்பாக ஒரு படலம், மூலையில் பாசி, புளித்த வாடை. உடம்பு கூசியது.

பிளீச்சிங் பவுடர் வாங்கிவரச் சொல்லித் தொட்டியைத் தேய்க்க வைத்தேன். போதாதென்று, கொட்டை ஊறும் தண்ணீரிலும் இரண்டு கை அள்ளிப் போட்டேன். போட்டதோடு விட்டிருக்கலாம். வேலைக்கு வந்த பெண்களை நிறுத்திவைத்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர்களில், தலைச்சோலை ஊரிலிருந்து வருகிற, என் வயதுடைய ஒருவர்தான் தொட்டி வேலை பார்ப்பவர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்பத் தொட்டிக்குள்ள என்னதானுங்க டீச்சர் இருக்குது?" என்றார்.

"ஒண்ணுமே இல்லைங்க. ஒரு கிருமி கூட இல்ல."

"அப்படிங்களா" என்று அவர் போய்விட்டார்.

கொட்டையைக் கையில் எடுத்துத் தேய்த்தால் கரகரவென்று இருக்க வேண்டும். மறுநாள் வெண்டைக்காய் போல வழுக்கியது. அதற்கடுத்த நாளும் வழுக்கியது. கணவர் போனில் விசாரித்தபோது, "இங்க குளிர் அதிகம், கொஞ்சம் தாமதமாகும்" என்று நிபுணர் குரலில் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை தொட்டி வேலை பார்ப்பவர் வந்து நின்றார். "ஏனுங்க டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நாங்க எப்பவும் தண்ணி மட்டும் ஊத்தித்தான் கழுவுவோம். அந்தப் புளிச்ச வாடை இருந்தாத்தானுங்க கொட்டை கழலும். இப்ப நொம்பச் சுத்தமா இருக்குதுங்க."

எனக்குக் காது சூடானது. அந்தச் சதையைத் தின்று கரைக்கிறவை பாக்டீரியாவும் ஈஸ்டும். பாடப்புத்தகத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. பல வருடமாக அதை நடத்துகிறேன். வேலை செய்கிறவர்களையெல்லாம் கொன்றுவிட்டு, வேலை ஏன் நடக்கவில்லை என்று மூன்று நாளாகக் காத்திருந்திருக்கிறேன்.

"இப்ப என்னங்க செய்யறது?" என்றேன்.

தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசினோம். அவர் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய், அங்கே புளித்துக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிவந்து ஊற்றினார். என்ன காரணம் சொல்லிக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் கொட்டை கரகரத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் பிளீச்சிங் பவுடர் வாடை போகவில்லை. வறுத்து அரைத்தும் போகவில்லை. அந்தத் தொட்டிக் காப்பியை வெளியே கொடுக்க முடியாமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டோம். கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு டீக்கு மாறிவிட்டார். சீக்கிரம் தீரட்டும் என்று நான் தினமும் பிளாஸ்க்கில் ஊற்றிக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். ஆசிரியர் அறையில் வேதியியல் தோழி ஒருநாள் கொஞ்சம் வாங்கி, மூக்கருகே கொண்டுபோனதும் நிறுத்தினாள்.

"குளோரினா?" என்றாள்.

அவள் தன் பாடத்தை ஒழுங்காகப் படித்தவள்.