கன்னியம்மா விற்ற கடல் கெளுத்தி

ஞாயிற்றுக்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கியபோது வாட்ச்மேன் சொன்னார்: "சார், மீன்காரம்மா போய்ட்சு. நேத்து சாயங்காலம். நெஞ்சு வலியாம்."

அயனம்பாக்கத்தில் நம் குடியிருப்பின் வாசலில் பல வருடம் கூடை இறக்கிய கன்னியம்மாவைப் பற்றி, அவரிடம் மீன் வாங்கிய உங்களுக்காக எழுதுகிறேன். எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகத்தோடுதான்.

கெளுத்தி வாங்கினால் முதுகு முள்ளையும் பக்கத்து முட்களையும் முதலில் வெட்டி எறிவார். "குத்துச்சுன்னா ராவெல்லாம் கடுக்கும் சார். எனக்கு பயகிப்போச்சு, உனக்கு இன்னாத்துக்கு?" நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

ஒருமுறை, மூன்றாம் மாடிக்காரர்கள் வாங்கிய கடல் கெளுத்தியின் வாய்க்குள் கோலிக்குண்டு அளவில் மஞ்சள் உருண்டைகள் இருந்தன. நோய் பிடித்த மீனை விற்றுவிட்டார் என்று புகார். இனி அவரை வாசலில் உட்கார விடுவதா என்று கார் நிறுத்துமிடத்தில் கூடிப் பேசினோம்.

"நோவும் இல்ல, ஒண்ணியும் இல்ல. அது ஆம்பள மீனு. பொம்பள வுட்ட முட்டைய வாயில வச்சிகினு சுத்தும். குஞ்சு வெளிய வர்ற வரிக்கும் எத்தயும் துன்னாது" என்றார் கன்னியம்மா.

"எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லும்மா!" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் மீனைக் கண்ணால் பார்க்காமல், எந்த இனம் என்று உறுதி செய்யாமல் சொல்லலாமா? "புத்தகம் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அன்றே அவருக்கு வாசல் மூடப்பட்டது.

நான்கு நாள் குறிப்பெடுத்த பிறகு, திருவேற்காட்டில் அவர் வீட்டைத் தேடிப் போய், "நீங்கள் சொன்னது சரிதான்" என்றேன்.

"அத என்கைல வந்து சொல்றியே சார்! மீனு வாய மூடிகினா குஞ்சு பொயைக்கும். நீ மூடிகினா என் பொயப்புல்ல போச்சு?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீ கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்தேன். அவர் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை வெயிலில் தெருத்தெருவாகக் கூடை சுமந்தார். வந்த அன்று, "இன்னா புரொபசரே, புக்கு முடிஞ்சிச்சா?" என்று அவர் கேட்டதற்கு நீங்கள் சிரித்தது நினைவிருக்கும்.

போன மாதம், மாடி பெருக்கும் பெண்மீது திருட்டுப் பழி விழுந்தபோது நான் உடனே எழுந்தேன். "அந்த நேரத்தில் அவர் என் வீட்டில் இருந்தார்" என்றேன். அப்படி எழுந்து நின்றதைத்தான் கன்னியம்மா எனக்குத் தந்ததாக வைத்திருக்கிறேன்.

அதை அவரிடம் சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.