ஆஞ்செலின் முகம்

2006 அக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு நான் போயிருந்த, பிரெஞ்சு பேசும் வெளிநாட்டு நகரத்தில் லாசால் பகுதியில் பேருந்து ஏறி, மெட்ரோ மாறி ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். டிக்கெட் இரண்டரை டாலர். என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்த மன்னார்க்காரர் சேவியர் அண்ணைக்கு அங்கே காய்கறிக் கடையில் வேலை.

"படக் கண்காட்சிக்கு பியாட்ரிஸ் அம்மாவும் எங்களோட வாறா, தம்பி" என்றார்.

பக்கத்துக் கடையில் பழம் விற்பவர் அவர். அறுபதைத் தாண்டிய கொங்கோக்காரர். இன்று கின்ஷாசா எனப்படும் லியோபோல்ட்வில்லில் பிறந்தவர். பெல்ஜிய ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் அந்நகரில் எடுத்த படங்களை சாங்-லொரான் வீதியில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். தனியாகப் போக அவருக்குத் தயக்கம். குளிர்காற்றில் மூவரும் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம்.

நுழைவு இலவசம். அகன்ற தெருக்கள், நீச்சல் குளம், வெள்ளைக்காரர்களின் விருந்துகள். ஒரு படத்தின் முன் பியாட்ரிஸ் நின்றுவிட்டார். வராந்தாவில் ஒரு பெல்ஜியக் குடும்பம். ஓரமாகக் குழந்தையை ஏந்திய ஆப்பிரிக்கப் பெண். கீழே அட்டையில் எல்லார் பெயரும் இருந்தது, நாயின் பெயர்கூட. அவளுக்கு மட்டும் 'பணிப்பெண்'.

பியாட்ரிஸ் பிரெஞ்சில் மெல்லச் சொன்னதை அண்ணை தமிழில் சொன்னார்: "தன்ர அக்காவாம், பேர் ஆஞ்செல். இடுப்பைச் சாய்ச்சு நிக்கிறதிலயே தெரியுதாம். பத்தொன்பது வயசில பிள்ளைப்பேத்தில செத்தவவாம். வீட்டில ஒரு படமும் இல்லையாம்."

முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. கண்ணில்லை, வாயில்லை.

மதுரையில் கல்யாணப் படம் எடுப்பவன் நான்; காரணம் உடனே புரிந்தது. வெள்ளை முகங்கள் தெளிவாக விழும்படி மட்டும் வெளிச்சம் அளந்திருக்கிறார்கள்; கறுத்த முகம் இருளாகிவிட்டது.

"நெகட்டிவ் இருந்தா முகத்தைக் கொஞ்சம் வரவழைக்கலாம்" என்றேன். அண்ணை அதை மொழிபெயர்த்ததும் பியாட்ரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பொறுப்பிலிருந்த இளம்பெண் அக்கறையோடு யாருக்கோ போன் செய்து விசாரித்தாள். நெகட்டிவ் எப்போதோ அழிந்துபோனதாம். மிஞ்சியது இந்த ஒரு பிரதிதான்.

"அப்ப பேரையாவது போடட்டாம்" என்று பியாட்ரிஸ் அவளிடம் கேட்டதை அண்ணை எனக்குச் சொன்னார். கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

வெளியே வந்ததும், அக்காவுக்கும் தனக்கும் ஒரே முகம், தன்னைப் படமெடுக்க முடியுமா என்று பியாட்ரிஸ் கேட்டார். அவர் கன்னத்துக்கு வெளிச்சம் அளந்து நிதானமாக எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் நெடுநேரம் பார்த்தார், ஏதோ சொன்னார்.

"வடிவா இருக்காம். ஆனா அக்கா கிழவியாகேல்லையாம்."

நான் ஊர் திரும்பி ஒரு மாதமிருக்கும், அண்ணை போனில் பேசினார்.

"கண்காட்சி முடிஞ்சுது, தம்பி. அட்டையை மாத்தேல்ல. ஆனா அந்த மனுசி ஒவ்வொரு சனியும் போய் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டவ."