ஒருநாள் கனேடியர்

ஜேர்மனியின் அந்த ஊரில் மனிதர்கள் ஆளுக்கொரு கண்ணாடிக் குவளையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். நாலடி நடப்பார்கள், நின்று ஒரு வாய் குடிப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், மறுபடி நடப்பார்கள். பூமிக்குள்ளிருந்து சூடாக ஊறும் அந்தத் தண்ணீர் நோய் தீர்க்குமாம். அதைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் எங்கெங்கோ இருந்து வந்து கிழமைக்கணக்கில் தங்குகிறார்கள். அண்ணையும் நானும் ஆளுக்கொரு குவளை வாங்கினோம். அண்ணை ஒரு மிடறு குடித்து, அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

“சவர்த் தண்ணியடா,” என்றார். “உந்தத் தண்ணிக்குப் பயந்துதானே எங்கட பெரியக்கா தீவுப்பக்கத்துச் சம்பந்தம் வேண்டாமெண்டவ.”

“மெல்லக் கதையுங்கோ அண்ணை. எல்லாரும் குடிக்கினம், நாங்களும் குடிப்பம்.”

நான் ரொறன்ரோவிலிருந்து லீவில் போயிருந்தேன். கனேடியப் பாஸ்போட் கைக்கு வந்தபின் செய்த முதல் பயணம். அண்ணை அங்கே அகதி வழக்குப் போட்டுவிட்டு ஆறு வருஷமாகக் காத்திருந்தார். வழக்கு முடியும்வரை தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவருக்கான சட்டம். அவர் தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸின் நெற்றியில் இந்தக் குளியல் ஊரின் பெயர்தான் எழுதியிருக்கும். ஆனால் ஊர் அடுத்த மாவட்டத்தில். எல்லைக்கு முந்திய தரிப்பில் அண்ணை இறங்கி, ஓர் உணவகத்தின் பின்வாசலால் போய்க் கோப்பை கழுவுவார். பஸ் அவரை விட்டுவிட்டு மலையேறும். நான் போனதும் எங்கே சுற்றிப் பார்க்க விருப்பம் என்று கேட்டேன். “உந்த பஸ் எங்க போய் நிக்குதெண்டு ஒருக்காப் பாக்கவேணும்,” என்றார். ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஏற்கெனவே ஒருமுறை, நண்பர் ஒருவரின் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகும்போது, வெளி மாவட்டத்து ரயில் ஸ்டேசனில் பிடிபட்டிருந்தார். இன்னொருதரம் பிடிபட்டால் வழக்கு பழுதாகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. சிவப்பு மேப்பிள் இலை போட்ட என் தொப்பியை அண்ணைக்குப் போட்டேன். அவருக்குத் தலை பெரிது. பின்பட்டியைக் கடைசி ஓட்டைவரை விடவேண்டியிருந்தது. கமராவைக் கழுத்தில் மாட்டினேன். ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாதவர்போல் இருக்கவேண்டும் என்றேன். பாஸ்போட் மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

சிக்கல் நடையில் வந்தது. அண்ணை வேலைக்குப் பிந்திய ஆளைப்போல நடந்தார்.

“மெல்ல நடவுங்கோ. உல்லாசப் பயணி உப்பிடி ஓடமாட்டான்.”

“நீ மட்டும் என்ன, டாக்குத்தரிட்டக் காட்ட வந்தவன் மாதிரி வாறாய்.”

அவர் சொன்னது சரி. ரொறன்ரோவில் நானும் சும்மா நடந்ததில்லை. பார்க்டேலில் குடியிருந்த முதல் வருஷம் விட்பியில் புது வீடுகள் கட்டும் இடத்தில் வேலை. விடியப் புறப்பட்டு, ஆட்களை ஏற்றிப்போகும் வானுக்குள் நித்திரையாகி, அங்கே போய்த்தான் கண் விழிப்பேன். வழியில் எத்தனை நகர எல்லைகளைத் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது, யாரும் கேட்டதில்லை. பிறகு ரெக்ஸ்டேலில் ஃபக்டரி. சும்மா நடப்பதற்கென்று ஒருநாள் எங்கள் இருவருக்கும் கிடைத்தது இதுதான் முதல்முறை. பழகாத வேலையாதலால் கவனமாகச் செய்தோம். பூப்பாத்திகளைப் படம் எடுத்தோம். கட்டடங்களை அண்ணாந்து பார்த்தோம். குதிரைமேல் இருந்த ஒரு சிலையை, அவர் யாரென்று தெரியாமலே, நெடுநேரம் மதித்தோம்.

மத்தியானம் பூங்காவில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி தொப்பியைக் காட்டி, “கனடா?” என்றார். “யெஸ், கனடா,” என்றேன். அவருக்குச் சந்தோஷம். வெளிநாட்டவருக்கு விளங்கவேண்டும் என்று உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, தண்ணீரைப் பற்றி நிறையச் சொன்னார். அண்ணை எல்லாம் விளங்கியும் விளங்காதவர்போல் சிரித்தார். நான் ஒன்றும் விளங்காமல் விளங்கியவன்போல் தலையாட்டினேன்.

பெண்மணி எழும்பினார், எழும்பிய வேகத்தில் சரிந்தார். குவளை விழுந்து உடைந்தது. நான் பாய்வதற்குள் அண்ணை அவரைத் தாங்கி வாங்கில் கிடத்தி, காலை உயர்த்தி, கன்னத்தைத் தட்டி ஏதோ கேட்டார். ஜேர்மன் மொழியில். கூடிய சனத்தைப் பார்த்து விலகச் சொன்னார்; சனமும் விலகியது. அண்ணை இப்படி அதிகாரமாகப் பேசி நான் எந்த மொழியிலும் கேட்டதில்லை.

சனத்துக்குள்ளிருந்து ஒரு பொலிஸ்காரர் வந்தார். பெண்மணியின் முகத்துக்கு நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர் குனிந்து அண்ணையிடம் ஏதோ கேட்டார். அண்ணையின் வாய் மூடிக்கொண்டது. யாரும் கேட்காமலே நான் என் பாஸ்போட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதன் மட்டையைப் பார்த்தார், மறுபடி அண்ணையைப் பார்த்தார். அப்போது பெண்மணி, படுத்தபடியே, அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் கடகடவென்று சிரித்தார். அண்ணைக்குக் கை கொடுத்தார். தொப்பிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஏறி, கதவு மூடியபிறகுதான் கேட்டேன்.

“என்னண்ணை சொன்னவ அந்த மனிசி?”

“‘இவர் கனடாக்காரர், சுத்திப் பாக்க வந்தவர். வந்த இடத்தில எங்கட பாசையை எவ்வளவு வடிவாப் படிச்சிருக்கிறார் பாருங்கோ. கீழ அகதி விடுதியில இருக்கிறதுகள் எத்தினை வருசமா இருக்குதுகள், ஒரு சொல் கதைக்கத் தெரியாது’ எண்டவ.”

“பொலிஸ்?”

“ஓமாம் எண்டவன்.”

அதன்பிறகு அவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எல்லைப் பலகை கடந்தது. அவர் தினமும் இறங்கும் தரிப்பு வந்தது. அங்கே மணியை அழுத்தக் கை போனது. இன்று வேலையில்லை என்று ஞாபகம் வந்து கையை எடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“இந்தா, உன்ர கனடா. நாளைக்கு நான் வேலைக்குப் போகவேணும்.”

அந்தத் தொப்பியைத்தான் இப்போது ரெக்ஸ்டேலில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். பின்பட்டி இன்னமும் அண்ணையின் ஓட்டையில்தான் இருக்கிறது. எனக்குத் தொளதொளவென்று கண்ணை மறைக்கும். தரிப்பில் காற்று அடித்தால் ஒரு கையால் தலையை அமத்திக்கொண்டு நிற்பேன். பட்டியை இறுக்கினால் என்ன என்று கூட வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். “ஓம், இறுக்கவேணும்,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.