சிவப்புப் பலகைக்கு அப்பால்

ஜுபைல் ஆலையில் எங்கள் பாதுகாப்பு அதிகாரி மடிப்புக் கலையாத சட்டைக்காரர். எதிரே வருபவரின் ஹெல்மெட்டைப் பேனாவால் தட்டிப் பார்ப்பார். பெல்ட் மாட்டாமல் ஏணியில் கால் வைத்தவனை, "யோவ், நீ செத்தா உன் பொண்டாட்டிக்கு நானாய்யா பதில் சொல்றது?" என்று எல்லார் முன்னாலும் திட்டுவார்.

ஒரு லீவில் மனைவியுடன் கம்போடியா போய், அதிகம் பேர் போகாத கெமர் கோயில் இடிபாடுகளைப் பார்த்து வந்தார். மெஸ்ஸில் உட்கார்ந்து டிஜிட்டல் கேமராவில் படம் காட்டினார். காட்டுக்குள் சரிந்த கோபுரம். அதற்கு முன்னால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை.

"கண்ணிவெடி எச்சரிக்கைதானே சார் இது?" என்றேன்.

"ஆமா சார். பாதைய விட்டு எறங்காதீங்கன்னு கைடு ஒரே கத்தல்."

அடுத்த படத்தில், பலகையைத் தாண்டிப் புல்லுக்குள் அவர் மனைவி தனியாக நின்றிருந்தார்.

"கோபுரம் எவ்ளோ பெருசுன்னு தெரிய ஆள் நிக்கணும்ல?" என்றார்.

"நீங்க எங்க நின்னீங்க?"

"பாதையிலதான். கேமரா புதுசு சார்."

படத்தில் அந்த அம்மாள் கால்களை ஒட்டிவைத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியத் தூக்கறாளா பாருங்க, படமே கெட்டுப்போச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டார் அதிகாரி.

அந்த மனிதரைப் பற்றி யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. அந்த அம்மாள் அங்கிருந்து எப்படித் திரும்பி நடந்து வந்தார் என்பதைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.